ஓடாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம்

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்த பஸ் ஒன்றில் நானும் என் கணவரும் ஏறி உட்கார்ந்தோம். வெகு நேரமாகியும் அது புறப்படவில்லை. முன்னால் போடிமெட்டு என்று பலகை மாட்டியிருந்தது. இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஏறினோம். எங்களைத் தவிர வேறு யாரும் ஏறவில்லை. அது எங்களுக்குச் சந்தேகத்தைத் தரவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தோம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களை 'உங்கள் ஊருக்குப் போங்கள்' என்று கப்பலேற்றி விட்டிருந்தார்கள். கப்பலேறும் அவசரத்தில்தான் எங்கள் கல்யாணமும் நடந்தது. ஒரே தோட்டத்து லயங்களில், அந்த நீள வரிசை வீடுகளில், இருந்தோம் என்றாலும் அவர் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், நான் மலையில் கொழுந்து பறித்தவள். முன்பின் பேசியதில்லை. மண்டபம் முகாமில் சில நாள் கிடந்துவிட்டு ரயிலேறும்போதும் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது. 'இந்தாங்க' என்பேன். அவர் 'ஏ புள்ள' என்பார்.

போடிக்கு வந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. அவருடைய தாய்மாமன் எங்களுக்கு முன்பே வந்து, போடிக்கு மேலே மலையில் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். 'போடியில் இறங்கி மெட்டு பஸ்ஸில் ஏறி வா' என்று முகாமுக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். இன்னொன்று, என் கணவரின் தாத்தா போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்திலிருந்து போனவராம். ஆகவே போடி அவருக்குச் சொந்த ஊர். ரயிலில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸின் கடைசி சீட்டில் அசைவு கேட்டது. துண்டை விரித்துப் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்து எங்களை உற்றுப் பார்த்தார். காக்கிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்டுப் போறீக?"

"மெட்டுக்கு."

"இதுலயா?"

"பலகையில போட்டிருக்கே."

"போட்டிருக்குதான் அண்ணே. ஸ்ட்ரைக்குல்ல? காலையிலருந்து ஒரு வண்டியும் ஓடல. நானே இங்க தூங்குறேன், நீங்க வந்து என்னைய எழுப்பிவிட்டுட்டீக."

அவர் அந்த பஸ்ஸின் கண்டக்டர். இறங்கிப் பார்த்தபோதுதான் எல்லா பஸ்ஸும் வரிசையாக நிற்பது எங்களுக்குப் புலப்பட்டது. அதுவரை, இந்த ஊரில் பஸ்கள் நிறைய என்று மட்டும்தான் நினைத்திருந்தோம்.

என் கணவர் தோட்டத்தில் சங்கத்து ஆள். வேலை நிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நிலையத்து வாசலில் சின்னதாகப் பந்தல் போட்டு டிரைவர்களும் கண்டக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டு அங்கே போனார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"நாங்களும் தொழிலாளிங்கதான். நீங்க நிறுத்தியிருக்கிற நேரத்துல நாங்க வேற வண்டியில போறது சரியில்ல. எப்ப முடியும்னு சொன்னீங்கன்னா அதுவரைக்கும் இருந்துட்டுப் போறோம்" என்றார்.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான டிரைவர் ஒருவர், "நீங்க போகாம இருந்தா எங்களுக்குச் சம்பளம் கூடிருமா மாப்ளே? புதுப் பொண்ணக் கூட்டிக்கிட்டு வெயில்ல நிக்காதீக. ஜீப்பு ஓடுது, அதுல வெரசா போயிச் சேருங்க. மெட்டுக்கு அங்கிட்டு கேரளா வண்டி எல்லாம் ஓடத்தான் செய்யுது" என்றார்.

அங்கிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் குழம்பிக் கிடந்தது. வேலை நிறுத்தம் செய்கிறவர்களே வேறு வண்டியில் போகச் சொல்கிறார்கள். ஒரே மலையில் இந்தப் பக்கம் நிறுத்தமாம், அந்தப் பக்கம் ஓடுகிறதாம். "அந்தப் பக்கம் வேற நாடா புள்ள?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். கோச்சிதான் மலையேறும். கண்டியிலிருந்து நானுஓயா, அங்கிருந்து பதுளை என்று மேகத்துக்குள் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். முகாமில் எல்லோரும் ரயில், ரயில் என்றார்கள். அது தரையில் ஓடுகிற வண்டிக்குப் பெயர் என்றும், மலையேறுவது இங்கேயும் கோச்சிதான் என்றும் அவர் தானாகவே முடிவு செய்து வைத்திருந்தார். நானும் அதை நம்பினேன். இத்தனை பெரிய மலை இருக்கிறது, கோச்சி இல்லாமல் இருக்குமா?

வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்டார். "அண்ணே, மலைக்கு கோச்சி உண்டா?"

"கொச்சியா? அது மலைக்கு அங்கிட்டுல்ல இருக்கு."

"அங்கிட்டுன்னா?"

"மெட்டு ஏறி, மூணாறு போயி, அப்பறம் எறக்கம்தான். தூரம் அண்ணே."

"மெட்டு வரைக்கும் ஜீப்புல போயிட்டா கோச்சியப் பிடிச்சிரலாமா?"

"பிடிச்சிரலாம், பிடிச்சிரலாம்" என்றார் அவர், வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது.

ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போனால் அங்கே தேர்த் திருவிழாக் கூட்டம். எஸ்டேட்டுகளுக்குப் போகிற ஆண்களும் பெண்களும் மண்வெட்டியும் தூக்குச் சட்டியுமாக நின்றார்கள். ஒரு ஜீப்பு வந்தால் அது நிற்பதற்கு முன்பே நிறைந்துவிடும். நாங்கள் வரிசை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் எதற்கும் வரிசைதான். இங்கே வரிசையே இல்லை. இரண்டு ஜீப்புகள் போன பிறகு, பசியாறிவிட்டு வந்து பார்க்கலாம் என்று அவர் சொன்னார்.

காலையிலேயே ஒரு தடவை பசியாறப் பார்த்துத் தோற்றிருந்தோம். ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் அவர் "ரெண்டு பிளேன்டீயும் கால் றாத்தல் பாணும்" என்று கேட்டார். பாண் என்றால் எங்களுக்கு அடுப்பில் சுட்ட பெரிய ரொட்டி. அதைப் பிய்த்துத் தேங்காய்ச் சம்பலில் தொட்டுத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு ஆளுக்கொரு இனிப்பு பன்னும், ஆடை மிதக்கிற பால் டீயும் கொடுத்தார். இரண்டுமே இனிப்பு. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு கறுப்புத் தேத்தண்ணி குடித்துப் பழகிய நாக்கு திகைத்துப்போனது. பெரிய பாணாகக் கேட்டிருக்க வேண்டுமோ என்று அவர் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நுழைந்தது பெரிய சாப்பாட்டுக் கடை. நான் அதுவரை கடையில் உட்கார்ந்து சோறு தின்றதில்லை. தோட்டத்தில் பெண்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இல்லை. எதிரும் புதிருமாக உட்காருவதா, பக்கத்தில் பக்கத்திலா என்பதே எங்களுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் வந்து இரண்டு இலையைப் போட்டார். எங்களுக்கு இலை என்றால் கோயில் திருவிழா, இல்லையென்றால் கருமாதி. என் கணவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"இலை வேணாம். கோப்ப கொண்டாங்க."

கோப்பை என்றால் எங்களுக்குச் சோறு தின்கிற தட்டு.

"காப்பியா? சாப்பாட்டு நேரத்துல காப்பி போடுறதில்லண்ணே" என்றார் அவர்.

"காப்பி இல்ல, கோப்ப."

அவர் உள்ளே போய் ஒரு வெறும் டம்ளரைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு இலையிலேயே சாப்பிட்டோம்.

அந்தச் சாப்பாடு முடியவே இல்லை. சோறு, சாம்பார். அதைத் தின்று தீர்த்துவிட்டு எழலாம் என்று பார்த்தால் இன்னொரு கை சோறு, அதன் மேல் ரசம். ரசத்தை முடித்தால் மோர். இலையில் போட்டதை மிச்சம் வைக்கக்கூடாது என்று நான் அள்ளி அள்ளித் தின்றேன். நான் வேகமாகத் தின்னத் தின்ன, எனக்கு இன்னும் பசி என்று நினைத்துப் பரிமாறுகிறவர் மேலும் மேலும் வைத்தார். "போதும்" என்ற சொல் எங்கள் ஊரிலும் உண்டு. அது இங்கே வேறு ஏதாவது பொருளில் வருமோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊருப்பா?"

"இந்த ஊருதாங்க. எங்க தாத்தா ராசிங்காபுரம்."

"அட, பக்கம்தான். அங்க எந்தத் தெரு?"

"தெரு தெரியாதுங்க. நாங்க சிலோன்லருந்து வர்றோம்."

"அது சரி. தாத்தா எந்தத் தெருவுல இருந்தாரு? எந்த ஆளுக நீங்க?"

"மூணாம் நம்பர் லயத்து ஆளுங்க" என்றார் என் கணவர். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அவர் குரலில் இருந்தது.

பெரியவர் இலையை மடித்தார். மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்து கை கழுவப் போனார். அவர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்டார் என்பது எனக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று. என் கணவருக்கு அன்றைக்கே விளங்கியதா என்று தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு அன்று முழுக்க அவர் யாரிடமும் ராசிங்காபுரம் என்று சொல்லவில்லை.

கல்லாவில் இருந்தவர் நாங்கள் மேலே போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "இன்னைக்கு வழியில ஒண்ணும் கெடைக்காது ஆத்தா, கட்டிக்கிட்டுப் போங்க" என்று எலுமிச்சஞ்சோறு இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுக்கச் சொன்னார். வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டோம்.

இந்தத் தடவை நாங்கள் வரிசையைத் தேடவில்லை. ஜீப்பு வந்ததும் ஒரு பெண் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஒரு மூட்டையின் மேல் உட்கார வைத்துவிட்டாள். யாரோ பெட்டியை என் மடியில் போட்டார்கள். என் கணவர் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். அவருடைய விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அடிவாரத்து முந்தல் தாண்டி ஜீப்பு வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். மலையில் தேயிலை எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தேன். பாறையும் முள்ளும்தான் இருந்தன. மேலே போகப் போக மூடுபனி வந்து முகத்தில் அடித்தது. காலையில் போடியில் காய்ந்த வெயிலுக்கு மெல்லிய சேலையைக் கட்டியிருந்தேன். நடுங்கினேன். நடுக்கம் ஒன்றுதான் அன்றைக்கு எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்தது.

உச்சியில் ஒரு கம்பம் குறுக்கே போட்டிருந்தது. சோதனைச் சாவடி. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். என் கணவர் அவசர அவசரமாகப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து எங்கள் காகிதங்களையெல்லாம் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். காவலர் அவற்றைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எனக்கு எதுக்குய்யா? அரிசி இருக்கா?"

அந்தக் காலத்தில் இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அரிசி இல்லீங்க. சோறு இருக்கு."

"என்னது?"

"சோறு. ரெண்டு பேருக்கு."

"நக்கலா?"

என் கணவர் பொட்டலத்தைப் பிரித்தே காட்டிவிட்டார். மஞ்சள் சோற்றில் பனி விழுந்தது. காவலர் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஜீப்பு டிரைவர் குறுக்கே வந்தார்.

"அண்ணே, விடுங்கண்ணே. அவுக சிலோன் ஆளுக. இப்பத்தான் வர்றாக."

காவலரின் முகம் தணிந்தது. "சிலோனா? அம்புட்டுத் தூரத்துலருந்து எதுக்கு அப்பு இங்க வந்தீக?" என்று உண்மையாகவே கேட்டார்.

இதற்குச் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது. அனுப்பிவிட்டார்கள், வந்தோம். அது ஏனோ வாயில் வரவில்லை. "மாமா இருக்காருங்க" என்றார் என் கணவர் கடைசியில். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் பக்கம் போக வேற பாஸ்போட்டு எடுக்கணுமா?" என்று கேட்டார்.

"இதுவும் இந்தியாதான்யா. அரிசி போகப்படாது. ஆளு போகலாம்" என்று கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

ஜீப்பு வேறு எஸ்டேட்டுக்குப் பிரிந்து போனது. எங்களை இறக்கிவிட்ட இடத்தில் நாலு கடைகள். பனியில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அப்போது ஒரு பஸ் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. ஓடுகிற பஸ். அதன் பலகையை நிமிர்ந்து பார்த்தேன்.

உருண்டை உருண்டையான எழுத்துகள். தோட்டத்துக்குக் கீழே இருந்த டவுனில் பஸ் பலகை, கடைப் பலகை, தபால் பெட்டி எல்லாவற்றிலும் பார்த்துப் பார்த்து நான் பாதி கற்றுக்கொண்ட எழுத்துகள். சிங்களம். குளிர், மூடுபனி, மலை, சிங்கள போர்டு போட்ட பஸ். என் கணவர் என் தோளைப் பிடித்தார். நாலு பேர் பார்க்க அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"திரும்ப அங்கேயே வந்துட்டமா புள்ள?"

நான் படிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்த முகமாக இருந்தது. கிட்டே போனால் வேறு ஆளாக இருந்தது. ஒரு சொல்லும் கூடவில்லை. கண்டக்டர் தலையை நீட்டி, "எவிடெயா போகேண்டது?" என்று கேட்டார். என்னையறியாமல் என் வாயிலிருந்து சிங்களம் வந்தது. "தன்னே நே." தெரியாது என்று அர்த்தம். "எந்தா?" என்றார் அவர். நான் மறுபடி "தன்னே நே" என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் கொடுத்துவிட்டு பஸ் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் மலையாளி. எங்கள் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "பாலு தீர்ந்து. கட்டன் மதியோ?" என்றார். எதற்கோ தலையாட்டினோம். கண்ணாடி டம்ளரில் கறுப்பாக, பால் இல்லாமல், ஆவி பறக்கத் தேத்தண்ணி வந்தது. கூடவே ஒரு தட்டில் உருளை உருளையாகப் பிட்டு. தட்டில்! என் கணவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். சொந்த ஊர் என்று வந்து இறங்கிய இடத்தில் கிடைக்காதது, பாஷை புரியாத இந்த இடத்தில் கேட்காமலே எப்படிக் கிடைத்தது என்று எனக்குப் புரியவில்லை. அதற்குக் கணக்குப் பார்க்கவும் அப்போது தெம்பில்லை. இரண்டு பேரும் பிட்டைத் தின்றோம். மத்தியானம் அத்தனை தின்றிருந்தும் தின்றோம்.

உடம்பு சூடானதும் அவருக்குத் தைரியம் வந்தது. "கோச்சி எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்.

"கொச்சியோ?" கடைக்காரர் யோசித்தார். "கொச்சி வரான் பற்றில்லா. நம்மள் அங்ஙோட்டு போகணும்."

"அதான், எங்க போயி ஏறணும்?"

"கொச்சியில் ஏறானோ?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. அடுப்போரம் குளிர் காய்ந்துகொண்டிருந்த தமிழ்க்கார அம்மா ஒருத்தி, "அங்க யாரு இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள். "யாரும் இல்ல. மாமா எஸ்டேட்டுக்குத்தான் போகணும்." "அதுக்கு எதுக்குக் கொச்சிக்குப் போறீக?" என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று, முழங்கையை மடக்கி முன்னும் பின்னும் ஆட்டி, கன்னத்தை உப்பி, "கூ…" என்று ஊதிக் காட்டினார்.

கடையே அதிர்ந்து சிரித்தது. "தீவண்டி!" என்று கத்தினார் கடைக்காரர். "அடப் பாவிகளா, ரயிலா! அது கீழ போடியிலயே நின்னு போச்சு. கொச்சிங்கிறது ஒரு ஊருய்யா" என்றாள் அந்த அம்மா.

நானும் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. கண்ணில் அழுத ஈரம் காயவில்லை, அதோடு சிரித்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கைகளை அப்படியே மடக்கியபடி நின்று என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காமல், எனக்கு மட்டும் இன்னொரு தடவை "கூ" என்றார்.

எஸ்டேட்டின் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாவே எழுந்துகொண்டாள். அவளுக்கும் அதே வழிதானாம். நடந்து போகிற தூரம்தான். இருட்டு விழுவதற்குள் கொண்டுபோய் மாமாவின் வீட்டு வாசலில் விட்டாள். மாமா எங்களைப் பார்த்துத் திகைத்தார். "பஸ்சு ஓடலையே, எப்பிடிடா வந்து சேந்தீங்க?" என்றார். என் கணவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓடாத பஸ்ஸிலிருந்து தொடங்கினார்.

மறுநாளே எனக்கு வேலை. இங்கேயும் கங்காணிக்குக் கங்காணி என்றுதான் பெயர். அதைக் கேட்டு நான் கொஞ்சம் நிம்மதியானேன். என்னைப் பெண்களோடு ஏலக்காட்டுக்குள் அனுப்பினார்கள். பெரிய மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்குச் செடிகள். நான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, நீண்ட இலைகளுக்கு நடுவே காயைத் தேடினேன். ஒரு செடியில் இல்லை. அடுத்ததில் இல்லை. இலையை விலக்கி விலக்கி உச்சி வரைக்கும் பார்த்தேன். ஒருவேளை இதுவும் நிறுத்தமோ என்றுகூடத் தோன்றியது.

பக்கத்து நிரையில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டாள்.

"ஏ ஆத்தா, மேல என்னத்தத் தேடுற? உக்காரு."

உட்கார்ந்தேன். செடியின் தூரில், சருகை விலக்கியதும், தரையோடு தரையாகச் சரம் சரமாகப் பச்சைக் காய்கள் கிடந்தன. முத்தினது எது, பிஞ்சு எது என்று எனக்குத் தெரியவில்லை. கைக்கு வந்ததையெல்லாம் பறித்துக் கூடையில் போட்டேன்.